பிரௌனி அறுத்த கதிர்
ஸ்காட்லாந்தின் ஊர்க்கதைகளும் சரித்திர நாவலும்

சரித்திர நாவல் என்றால் நம்மில் பலருக்கும் ராஜா, ராணி, குதிரை, கோட்டைதான் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான். கல்லூரியில் சர் வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ'வைப் படித்து, பரீட்சையோடு மறந்தும் போனேன். ஓய்வு பெற்ற பிறகுதான் அவர் தம் சொந்த நாடான ஸ்காட்லாந்தைப் பற்றி எழுதிய நாவல்களையும், அவருடைய நண்பர் ஜேம்ஸ் ஹாக்கின் நாவல்களையும் தேடிப் படித்தேன். ஊர்வாய்க் கதை சரித்திர நாவலாக மாறும் விதம் அப்போதுதான் விளங்கிற்று. அதை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஸ்காட் எடின்பரோவில் பிறந்த வக்கீல். 1799இல் செல்கர்க்‌ஷயர் மாவட்டத்தின் ஷெரீப் ஆனவர். எல்லைப்புறக் கிராமங்களில் வழங்கிய கதைப்பாடல்களைச் சேகரித்து 1802இல் இரண்டு தொகுதிகளாக அச்சிட்டார். ஹாக்கோ 1770இல் பிறந்த ஆட்டிடையர். பள்ளிக்கூடம் போனது சில மாதங்களே. அவருடைய தாயார் மார்கரெட் லெய்ட்லா பாடல்களின் களஞ்சியம். அந்த அம்மாள் ஸ்காட்டை நேரிலேயே கண்டித்தாராம்: இவை பாடுவதற்கு உண்டானவை, படிப்பதற்கு அல்ல, அச்சிட்டுக் கெடுத்துவிட்டீர்கள் என்று. ஷெரீப்பிடம் இப்படிப் பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ஊர்க்கதையைக் கையில் எடுக்கும் எவரும் இந்த ஏச்சைக் காதில் வாங்கிக்கொண்டே தொடங்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1638இல் ஸ்காட்லாந்து மக்கள் பலர், தங்கள் திருச்சபையில் மன்னர் தலையிடக்கூடாது என்று ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். அவர்களுக்குக் கவனண்டர்கள் என்று பெயர். 1660க்குப் பின் அரசு அவர்களை வேட்டையாடியது. மலைச்சரிவுகளில் ஒளிந்து கூடி வழிபட்டார்கள். 1680களில், விசாரணை இல்லாமலே பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்தப் படைத்தலைவர்களில் ஒருவர் கிளேவர்ஹவுஸ்.

இதே சரித்திரத்தை இருவரும் எழுதினார்கள். ஸ்காட்டின் 'ஓல்ட் மார்ட்டாலிட்டி' 1816இல் வந்தது. கவனண்டர்களின் கல்லறை எழுத்துகள் அழியாமல் ஊர் ஊராகப் போய்ச் செதுக்கிவந்த ராபர்ட் பேட்டர்சன் என்ற கல்தச்சரின் பட்டப்பெயர்தான் அது. ஸ்காட் இரு தரப்பின் குற்றங்களையும் காட்டுகிறார். ஆனால் அவருடைய கிளேவர்ஹவுஸ் கடுமையானவர் என்றாலும் நாகரிகமான கனவான். கவனண்டர்களில் பலர் மதவெறியர்.

1818இல் ஹாக்கின் 'பாட்ஸ்பெக் பிரௌனி' வந்தது. பிரௌனி என்பது வீட்டை அண்டி வாழும் ஒரு பூதம். ஒரு கிண்ணம் பாலுக்காக ராத்திரியில் பண்ணை வேலையெல்லாம் முடித்துவிட்டுப் போகும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. நாவலில் ஒரு குடியானவரின் வயலில் இரவோடிரவாகக் கதிர் அறுபட்டுக் கிடக்கிறது. "பிரௌனி செஞ்சிட்டுப் போயிருக்கு" என்று ஊர் நடுங்குகிறது. அவர் மகள் கேதரின் பூதத்தோடு சகவாசம் வைத்திருக்கிறாள் என்று பெற்ற தாயே சந்தேகிக்கிறாள். கடைசியில் தெரியவருவது என்ன? மலைக்குகைகளில் ஒளிந்திருந்த கவனண்டர்களுக்கு அந்தப் பெண்தான் சோறு போட்டுக் காப்பாற்றியிருக்கிறாள். நன்றிக்கடனாக அவர்கள் அறுத்த கதிர் அது!

இங்கேதான் ஹாக்கின் கெட்டிக்காரத்தனம். பூதக்கதையை அவர் அப்படியே நம்பச் சொல்லவும் இல்லை, மூடநம்பிக்கை என்று தள்ளவும் இல்லை. ஊர் பயந்து ஒதுங்கியதால்தான் ஒளிந்திருந்தவர்கள் பிழைத்தார்கள். ஆனால் பழி ஒரு பெண்ணின் தலையில் விழுந்தது. ஒரு கட்டுக்கதை யாரைக் காத்தது, யாரைச் சுட்டது என்று கேட்டால் அதற்குள்ளிருந்து சரித்திரம் வெளிவருகிறது.

ஹாக் காட்டிய சித்திரம் நியாயமற்றது என்று ஸ்காட் குறை சொன்னார். சிறுவயது முதல் கேட்டு வளர்ந்ததைத்தான் எழுதினேன் என்று ஹாக் விட்டுக்கொடுக்கவில்லை. ஸ்காட்டிடம் பழைய ஏடுகள் ஏராளம். ஆனால் அடிபட்டவன் வீட்டில் ஏடு ஏது? பாட்டி வாய்ச்சொல்தான் அவன் ஏடு. அதற்காக அந்தச் சொல்லெல்லாம் சத்தியம் என்றும் கொள்ள முடியாது. தலைமுறை தலைமுறையாகச் சொல்லும்போது வில்லன் இன்னும் கறுப்பாவான், தியாகி இன்னும் வெளுப்பாவான். ஆகவே ஏட்டையும் வாய்மொழியையும் எதிரெதிரே உட்காரவைத்து விசாரிப்பதே சரித்திர நாவலாசிரியனின் வேலை என்று எனக்குப் படுகிறது.

ஸ்காட்டும் எளியோரை மறந்தவர் அல்லர். ஹெலன் வாக்கர் என்ற ஏழைப்பெண், தங்கை மரணதண்டனைக்கு ஆளாக இருந்தபோதும் கோர்ட்டில் பொய் சொல்ல மறுத்தாள். பிறகு லண்டனுக்கே நடந்துபோய் மன்னிப்பு வாங்கி வந்தாள். அவளே 1818இல் ஸ்காட் எழுதிய 'ஹார்ட் ஆஃப் மிட்லோத்தியன்' நாவலின் நாயகிக்கு மூலம். 1831இல் ஐரன்கிரே கல்லறைத் தோட்டத்தில் அவளுக்கு நினைவுக்கல்லும் நாட்டினார்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஒரு வருத்தம். எங்கள் ஊர் ஆலமரத்துப் பேயைப் பற்றிப் பாட்டி சொன்னபோது, நாலு எழுத்து படித்த திமிரில் சிரித்துவிட்டேன். அந்த மரத்தடியில் யார் ஒளிந்திருந்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. இனிக் கேட்கவும் ஆள் இல்லை. சங்கத்து அன்பர்களே, உங்கள் வீட்டில் இன்னும் பெரியவர்கள் இருந்தால், இந்த விடுமுறையிலாவது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சிரிக்காமல் கேளுங்கள்.