நார்ஃபோக் டைட்ஸ் 2023: வீரர்களை வளர்த்து அனுப்பும் அணியின் ஒரு பருவம்

அமெரிக்கப் பேஸ்பாலின் உச்ச நிலையாகிய மேஜர் லீக்கில் 30 அணிகள் ஆடுகின்றன. அவை ஒவ்வொன்றின் கீழும், இளம் வீரர்களைப் பழக்கி மேலே அனுப்புவதையே முதற்கடமையாகக் கொண்ட நான்கு மைனர் லீக் அணிகள், சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்னும் ஏறுவரிசையில் இயங்குகின்றன. 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நிர்வகித்த பிராஞ்ச் ரிக்கி, செல்வ வளம் மிக்க அணிகளோடு போட்டியிட்டு வீரர்களை விலைக்கு வாங்க இயலாத நிலையில், சிறு நகர அணிகளைத் தம் அணியின் கீழ்க் கொண்டுவந்து அங்கேயே வீரர்களை உருவாக்கத் தொடங்கியதிலிருந்து இவ்வேற்பாடு வலுப்பெற்றது. நாற்றங்காலில் தேறிய பயிர் வேறு வயலுக்குப் பெயர்த்து நடப்படுவதைப் போல, இங்கே சிறப்பாக ஆடுகிற வீரர் அந்தச் சிறப்பின் காரணமாகவே அணியைவிட்டு நீங்குகிறார். வீரர்களின் ஊதியத்தையும் இடமாற்றத்தையும் தாய் அணியே தீர்மானிப்பதால், அரங்கையும் நுழைவுச்சீட்டையும் கவனிக்கும் உள்ளூர் நிர்வாகத்திற்கு, நாளை யார் ஆடுவார் என்பதில் அதிகாரம் இல்லை.

இந்த இயல்பு தெளிவாக வெளிப்பட்ட பருவங்களுள் ஒன்று, நார்ஃபோக் டைட்ஸ் அணியின் 2023-ஆம் ஆண்டுப் பருவம் ஆகும். வர்ஜீனியா மாநிலத்தின் துறைமுக நகரமாகிய நார்ஃபோக்கில், எலிசபெத் ஆற்றங்கரையில் 1993-இல் திறக்கப்பட்ட ஹார்பர் பார்க் அரங்கில் ஆடும் இவ்வணி, 2007 முதல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் டிரிபிள்-ஏ கிளையாக, அதாவது மேஜர் லீக்கிற்கு ஒரு படி மட்டுமே கீழான அணியாக விளங்குகிறது.

தோல்வியில் விளைந்த செல்வம்

அந்த ஆண்டு நார்ஃபோக்கில் திறமைசாலிகள் பலர் ஒருசேரத் திரண்டதற்குக் காரணம், தாய் அணி முன்னர் அடைந்த தோல்விகளே. ஓரியோல்ஸ் 2018-இல் 115 ஆட்டங்களிலும், 2019-இல் 108 ஆட்டங்களிலும், 2021-இல் 110 ஆட்டங்களிலும் தோற்றது. பள்ளி, கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' என்னும் ஆண்டுத் தேர்வில், நலிந்த அணிகளுக்கே முன்னுரிமை கிடைப்பது அக்காலத்து வழக்கமாக இருந்தமையால், 2020-இல் இரண்டாம் இடத்தில் ஹெஸ்டன் கியர்ஸ்டாட், 2021-இல் ஐந்தாம் இடத்தில் கோல்ட்டன் கௌசர், 2022-இல் முதலிடத்தில் ஜாக்சன் ஹாலிடே என அடுத்தடுத்து அரிய இளைஞர்கள் அவ்வணிக்குக் கிடைத்தனர். இத்தகைய எதிர்கால நம்பிக்கை வீரர்களையே அமெரிக்க ரசிகர்கள் 'புராஸ்பெக்ட்' என்று அழைக்கின்றனர்.

இவர்களுள் கியர்ஸ்டாட்டின் பாதை கடினமானது. தேர்வு செய்யப்பட்ட பின் இதயத் தசை அழற்சிக்கு ஆளான அவர், 2021 முழுவதும் ஆட இயலாமல், 2022-இன் நடுவில்தான் தம் முதல் மைனர் லீக் ஆட்டத்தை ஆடினார். எனினும் 2023-இல் டபுள்-ஏ நிலையிலிருந்து நார்ஃபோக்கிற்கு உயர்ந்து, செப்டம்பர் 14 அன்று மேஜர் லீக்கில் கால்பதித்தார்.

வெல்லும்போதே விடைபெறுதல்

டைட்ஸ் ஆடும் இன்டர்நேஷனல் லீக்கில் பருவம் இரு பாதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பாதியின் வெற்றியாளரும் இறுதிச் சுற்றில் மோதுகின்றனர். ஒரே எதிரணியுடன் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு ஆட்டங்கள் ஆடி, திங்களன்று ஓய்வெடுப்பது வாராந்தர ஒழுங்காக உள்ளது. முதல் பாதியை டைட்ஸ் வென்றது. ஆனால் அவ்வெற்றிக்கு உழைத்த ஜார்டன் வெஸ்ட்பர்க் ஜூன் 26 அன்றும், கௌசர் ஜூலை 5 அன்றும் ஓரியோல்ஸுக்காக முதன்முறையாகக் களமிறங்க, கோபி மாயோ போன்றோர் கீழ்நிலையிலிருந்து வந்து இடங்களை நிரப்பினர். இரண்டாம் பாதி டர்ஹாம் புல்ஸ் அணியின் வசமாயிற்று.

அதே கோடையில் 19 வயதான ஹாலிடே, சிங்கிள்-ஏ டெல்மார்வாவில் 14 ஆட்டங்கள், ஹை-ஏ அபர்டீனில் 57 ஆட்டங்கள், டபுள்-ஏ பௌவியில் 36 ஆட்டங்கள் ஆடி, செப்டம்பரில் நார்ஃபோக்கை அடைந்து, நான்கு படிகளையும் ஒரே பருவத்தில் கடந்தார். அம்மாதம் டைட்ஸ், டர்ஹாமை வீழ்த்தி லீக் பட்டத்தையும், லாஸ் வேகஸில் நடந்த ஒற்றை ஆட்டத்தில் ஓக்லஹோமா சிட்டி அணியை வென்று டிரிபிள்-ஏ தேசியப் பட்டத்தையும் கைப்பற்றியது. தாய் அணியும் அவ்வாண்டு 101 வெற்றிகள் பெற்றது.

கடைசிப் படியின் உயரம்

டிரிபிள்-ஏ நிலைக்கும் மேஜர் லீக்கிற்கும் இடையே ஒரு படியே எனினும், அதுவே மிக உயரமான படி என்பதைக் கௌசரின் அனுபவம் காட்டுகிறது. நார்ஃபோக்கில் சிறந்து ஆடிய அவர், மேல்நிலையின் கூர்மையான பந்துவீச்சுக்கு ஈடுகொடுக்க இயலாமல் 26 ஆட்டங்களில் .115 சராசரியுடன், அதாவது கணக்கில் கொள்ளப்படும் ஆயிரம் வாய்ப்புகளுக்கு 115 ஹிட் (பந்தை அடித்துத் தளத்தை எட்டுதல்) என்னும் விகிதத்துடன், திருப்பி அனுப்பப்பட்டார். ஆயினும் 2024-இல் 24 ஹோம் ரன் அடித்து, அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகத்துக்கான வாக்கெடுப்பில் இரண்டாமிடம் பெற்றார். ஹாலிடேயும் 2024 ஏப்ரலில் 34 வாய்ப்புகளில் 2 ஹிட் மட்டுமே பெற்று நார்ஃபோக்கிற்குத் திரும்பி, ஜூலை இறுதியில்தான் மீண்டும் அழைக்கப்பட்டார். மேலே செல்லும் வழியும் கீழே திரும்பும் வழியும் ஒன்றாக அமைந்துள்ள இவ்விளையாட்டில், திரும்பி வருதல் பயிற்சியின் ஒரு பகுதியாகவே கருதப்படத் தக்கது.

வளர்த்த அணியிலேயே நிலைபெறும் உறுதியும் எவர்க்கும் இல்லை. 2023-இல் டைட்ஸ் அணியின் தடுப்பாட்டத்துக்குத் தூணாக விளங்கிய ஜோயி ஒர்ட்டிஸ், 2024 பிப்ரவரியில், கார்பின் பர்ன்ஸ் என்னும் முன்னணிப் பந்துவீச்சாளரைப் பெறுவதற்கான மாற்று வீரர்களுள் ஒருவராக மில்வாக்கிக்கு அனுப்பப்பட்டார்; டைட்ஸில் அவரோடு ஆடிய கானர் நார்பியும் அதே ஆண்டு மயாமிக்குச் சென்றார்.

ஏறாதவர்களின் உழைப்பு

மேஜர் லீக் அணியொன்றின் ஆட்டப் பட்டியலில் 26 பேர் என்பதால் மொத்த இடங்கள் 780 மட்டுமே. ஆனால் ஓர் அணி உள்நாட்டு மைனர் லீக்குகளில் 165 வீரர்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பதால், கீழே காத்திருப்போர் எண்ணிக்கை 4,950 வரை செல்ல இயலும். இந்தியாவில் 2008-இல் நடந்த தொலைக்காட்சிப் போட்டியொன்றின் வழியே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் சேர்ந்த ஈட்டியெறி வீரர்களாகிய ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் இந்த ஏணியில் கால்வைத்தவர்களே. அவர்கள் கதை ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' படமாக 2014-இல் வெளிவந்த போதிலும், இருவரும் மேஜர் லீக்கை எட்டவில்லை.

இத்தகையோர் ஒவ்வொரு நாளும் களமிறங்குவதால்தான் ஹாலிடே போன்ற ஒருவர் ஆடிப் பழக ஓர் அணியும் ஓர் எதிரணியும் அமைகின்றன. இருந்தும் அவர்களது ஊதியம் நெடுங்காலம் மிகக் குறைவாகவே இருந்தது. 2023 மார்ச் இறுதியில், மைனர் லீக் வீரர்களின் வரலாற்றில் முதன்முறையாக, தொழிற்சங்கத்தின் வழியே எட்டப்பட்ட கூட்டு ஒப்பந்தம், டிரிபிள்-ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியத்தை 17,500 டாலரிலிருந்து 35,800 டாலராகவும், சிங்கிள்-ஏ வீரரின் ஊதியத்தை 11,000 டாலரிலிருந்து 26,200 டாலராகவும் உயர்த்தியது. இது சலுகை அன்று. நெடுநாள் நிலுவையில் இருந்த நீதி.

ஆகவே, ஒரு மைனர் லீக் அணியைத் தொடர விரும்பும் வாசகர், வெற்றி தோல்விப் பட்டியலோடு நின்றுவிடாமல், மூன்று நான்கு இளைஞர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அவர்கள் எந்தப் படியில் தடுமாறினர், எதைத் திருத்திக்கொண்டு மீண்டனர் என்பதைப் பருவம் முழுதும் கவனிப்பதே பயன் தரும். அவர்களோடு, அவர்களுக்குப் பந்து வீசியும் துணையாக ஆடியும் பெயர் பெறாமலே ஓய்வு பெறுகிற வீரர்களையும் மதித்துப் பார்க்கிறவரே இவ்விளையாட்டை முழுமையாக அறிந்தவர் ஆவார்.