சயனைடு மலைகளில் பசுமை

கோலார் தங்கவயலைக் கேள்வியுறாத தமிழர் இலர். அன்றைய வட ஆர்க்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து சென்ற நம்மவரின் கரங்களே பெரும்பாலும் அங்கே மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கிப் பாறையைப் பிளந்தன. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன் எடுப்பது நின்றது. மலைகள் மட்டும் எஞ்சின.

இவை இயற்கை மலைகள் அல்ல. தாதுக்கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவுக் குவியல்கள். அவ்வூரார் இவற்றைச் சயனைடு மலை என்றே அழைப்பர். அளவோ மூன்று கோடி டன்னுக்கு மேல். பங்காருப்பேட்டையில் வண்டி மாறி மாரிக்குப்பம் செல்லும் நேயர்கள் இவற்றைக் கண்டிருக்கலாம். திரைப்படம் எடுப்போருக்கு அது நல்ல களம். அடிவாரத்து லைன் வீடுகளில் வாழ்வோருக்கோ, காற்றுக் காலத்தில் சோற்றிலும் மூச்சிலும் கலக்கும் புழுதி.

சயனைடு என்ற பெயர் அச்சந் தருவது. ஆயினும் வெயிலிலும் காற்றிலும் கிடக்கக் கிடக்க அதன் பெரும்பகுதி சிதைந்துவிடும். சிதையாதவை வேறு: நுரையீரலைக் கெடுக்கும் படிகக்கல்லின் நுண்தூளும், சிறிதளவாயினும் அதில் தங்கிய உலோகங்களுமே.

இக்குவியலில் புல் முளைக்காதது ஏன்? இது மண்ணே அன்று. இலைமக்கு இல்லை, தழைச்சத்து இல்லை, வேருக்குத் துணைநிற்கும் நுண்ணுயிர்களும் இல்லை. நனைந்தால் சிமெண்டுபோல் இறுகும், காய்ந்தால் பறக்கும். கந்தகக் கனிமங்கள் மிகுந்த இடத்தில் மழைநீர் பட்டு அமிலமும் ஊறும்.

ஆகவே முதல் நாளே மரக்கன்று நடுவது வீண்வேலை. நட்டவுடன் புகைப்படம் எடுக்கலாம். அடுத்த கோடையில் குச்சிதான் நிற்கும். முதலில் செங்குத்தான சரிவைத் தணித்துப் படிப்படியாக வெட்ட வேண்டும். அடியில் தடுப்புச் சுவரும் வடிகாலும் அமைக்க வேண்டும். பின்னர் மேல்மண் பரப்பி, தொழுவுரம் கலந்து, அமிலம் உள்ள இடத்தில் சுண்ணாம்பும் இட வேண்டும். அதன்மேல் புல்லும், கொளுஞ்சி போன்ற அவரையினச் செடிகளும். அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன. சரிவுகளில் வெட்டிவேர் வரிசைகள் ஆழ வேரூன்றி மண்ணைக் கட்டும். இவை மடிந்து மக்கிய பிறகே புங்கும் வேம்பும் நிலைக்கும். ஆனால் ஆடு மாடு மேய்க்கவோ, கீரையும் கனியும் பயிரிடவோ அவ்விடம் உதவாது. உலோகங்கள் இலைவழியே உடலுக்குள் ஏறக்கூடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கழிவிலும் சிறிது பொன் எஞ்சியுள்ளது. 13 குவியல்களை மீண்டும் பதப்படுத்த விரும்பிய மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவளித்தது. நாளை தோண்டப்படும் மலையில் இன்று எவர் செடி வைப்பார்? வேலை கிடைக்கும் என்று காத்திருக்கும் குடும்பங்களின் நம்பிக்கையையும் எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும் தோண்டினாலும் அக்கழிவு மறைந்துவிடாது. ஏறத்தாழ அதே அளவு, இறுகிய மேலோடும் இல்லாமல், வேறிடத்தில் குவியும். அப்புதிய குவியலின் சரிவு எவ்வளவு, மேல்மண் எங்கிருந்து வரும், முதல் மூன்று கோடைக்கு நீர் ஊற்றும் செலவு யாருடையது என்பவை மண்வெட்டி விழுமுன் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டியவை.