வைத்திய சேவைக்கு நிதி உதவும் முறை

வைத்திய சேவைக்கு ஊரார் பொருள் உதவுவது நம் கரையோரத்திற்குப் புதிதன்று. தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில், பதினாறாம் நூற்றாண்டிலேயே அண்ட்ரிக் அடிகளார் ஒரு மருத்துவமனையை நிறுவினார். முத்துக்குளிக்கும் மக்களின் பொருளுதவி அதனைத் தாங்கிற்று. முத்தோ நிலையற்ற செல்வம். தொடர்ந்து பல ஆண்டுகள் பார்களில் சிப்பியே இராது. மன்னார் வளைகுடாவில் கடைசிப் பெருங்குளிப்பு 1961-ல் முடிந்தது. வருவாய் மாறுவதைப் போலவே நோயும் மாறுகின்றது. எனவே, கொடுக்கும் நிதியும் மாற்றத்திற்கு இடங்கொடுப்பதாக இருத்தல் வேண்டும்.

வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-ல் தொழுநோய்க்கென ஒரு ஸ்தாபனம் தோன்றியது. கூட்டு மருந்துச் சிகிச்சை பரவியபின் நோய் வெகுவாகக் குறைந்தது. 2005 இறுதியில், தேசிய அளவில் பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழாக வந்தது. ஆயினும் குணமானவர்களின் உணர்விழந்த கால்களில் புண் வருவது நிற்கவில்லை. அவர்களுக்குத் தனிச் செருப்பும் அறுவைச் சிகிச்சையும் இன்றும் தேவை. அந்த ஸ்தாபனம் பொது வைத்தியத்தையும் மேற்கொண்டு, பழைய நோயாளிகளையும் கைவிடாமல் நடந்து வருகின்றது. “தொழுநோய்க்கு மட்டும்” என்று கட்டிக் கொடுக்கப்படும் பணம் இத்தகைய மாற்றத்திற்கு உதவாது.

நம் பகுதியிலும் இதனைக் காணலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், அடுத்துள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய வேளையில் ஊருக்கு வேண்டியவை படகு, குளோரின், நீரிழிவுக்காரருக்கு இன்சுலின். கண் முகாமுக்கென வந்த பணம் பெட்டியில் இருந்தாலும், தணிக்கைக்கு அஞ்சி அதனைத் தொடமாட்டார்கள். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. குறை நிதி கொடுத்த கடிதத்தில் இருக்கின்றது.

அரசாங்கமே இதற்கு வழிகாட்டியுள்ளது. 2005-ல் தொடங்கிய ஊரக சுகாதார இயக்கம், கிராம சுகாதாரக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை, இன்ன செலவுக்கென்று கட்டாத நிதியாக வழங்க வகைசெய்தது. தொகை சிறிதே; முறை நல்லது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அவர்கள் பஞ்சாயத்தை நாடி வருங்கால், உறுப்பினர்கள் கட்டடமும் கல்வெட்டும் மட்டும் கேட்காமல், நர்சின் சம்பளத்தையும் ஜீப் பழுதுபார்ப்பையும் மூன்றாண்டுகளுக்குக் கேட்பது நலம். அயல்நாட்டுப் பணத்தில் நிர்வாகச் செலவுக்கு 2020 முதல் இருபது சதவிகிதமே அனுமதி என்பதால், உள்ளூர்க் கொடை இதற்கு மிகவும் வேண்டியதாகின்றது.

இடர்க்காலத்தில் நான்கில் ஒரு பங்கை வேறு செலவுக்கு மாற்றலாம் என்ற ஒரு வரி கடிதத்தில் இருக்கட்டும். மாற்றியதற்கு ரசீதும், காரணம் கூறும் ஒரு பக்கக் குறிப்பும் ஒரு மாதத்திற்குள் வரவேண்டுமென்றும் எழுதிவிடலாம். அக்குறிப்பைக் கிராம சபையில் படித்துக் காட்டத் தடையேதும் இல்லை.