சீட்டில் எழுதப்படாத மருந்து

நீரிழிவு நோயாளிக்கு மாத்திரைகளை எழுதிக் கொடுத்த மருத்துவர், விடைகொடுக்கும்போது, "நாள்தோறும் நடங்கள், எடையைக் குறையுங்கள்" என்கிறார். மாத்திரை எத்தனை வேளை என்பது சீட்டில் உள்ளது. எவ்வளவு நேரம் நடப்பது, உணவில் எதைக் குறைப்பது என்பன அதில் இல்லை. அடுத்த முறை அதுபற்றிக் கேட்பாரும் இல்லை. இவ்வறிவுரையை முறையான சிகிச்சையாக மாற்ற இயலுமா என்பதே இக்கட்டுரை ஆராயும் வினாவாகும்.

முதற்கண் உடலின் இயல்பை அறிதல் வேண்டும். இரத்தத்திலுள்ள சர்க்கரை தசைகளுக்குள் செல்ல இன்சுலின் துணைபுரிகிறது. வயிற்றிலும் கல்லீரலிலும் கொழுப்பு மிகுந்தால் இன்சுலினின் ஆற்றல் மங்குகிறது. உழைக்கும் தசையோ, இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே சர்க்கரையை ஈர்த்துக்கொள்கிறது. ஆகவே நடையும் எடைக் குறைப்பும் நோயின் வேரையே தொடுகின்றன.

சீனாவின் எண்ணெய் வயல் நகரான தாச்சிங்கில், 1986ஆம் ஆண்டு 33 மருத்துவ நிலையங்களில் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 577 பேர் பங்கேற்றனர். சிலருக்குப் பொதுவான அறிவுரை மட்டுமே கிடைத்தது. ஏனையோருக்கு உணவு முறையோ, உடற்பயிற்சியோ, இரண்டுமோ வகுத்தளிக்கப்பட்டன. பயிற்சிக்கு ஓர் அளவுகோல் இருந்தது. மெதுநடை 30 நிமிடம் அல்லது விரைவு நடை 20 நிமிடம் ஓர் அலகு. நாள்தோறும் ஓர் அலகேனும் கூட்ட வேண்டும். முதல் மாதம் வாரந்தோறும், பின்னர் இடைவெளி விட்டும் குழுவாகக் கூடினர். ஆறாண்டுகளில், அறிவுரை மட்டும் பெற்றோரில் 100க்கு ஏறத்தாழ 68 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். பயிற்சிக் குழுவில் 41 பேரே ஆளாயினர். 2019இல் வெளியான முப்பதாண்டுத் தொடராய்வின்படி, பயன்பெற்றோருக்கு நோய் வருவது ஏறத்தாழ நான்காண்டுகள் தள்ளிப்போயிற்று; இதய நோய்களும் குறைந்தன.

நம் நாட்டிலும் 2006இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. உணவும் நடையும் நோய் வரும் வாய்ப்பை ஏறத்தாழ 28 விழுக்காடு குறைத்தன. மெட்பார்மின் மாத்திரை குறைத்தது 26 விழுக்காடு.

நோய் வந்துவிட்டோர்க்கும் வழி உண்டு. 2017இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், குடும்ப மருத்துவர் நிலையங்களிலேயே செவிலியரும் உணவியல் வல்லுநரும் எடைக் குறைப்பை வழிநடத்தினர். முதல் சில மாதங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி உணவே வழங்கப்பட்டது. ஓராண்டில் 100க்கு 46 பேர் மருந்தின்றியே நீரிழிவு எல்லைக்குக் கீழ் வந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 4 பேர் மட்டுமே. எனினும் இரண்டாமாண்டில் 46 என்பது 36 ஆயிற்று. எடை திரும்பினால் நோயும் திரும்பும். தொடர்ந்த கண்காணிப்பு இன்றியமையாதது என்பதற்கு இதுவே சான்று.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ பெறுவோர் திடீரெனப் பயிற்சியை மிகுத்தாலோ உணவைக் குறைத்தாலோ சர்க்கரை அளவு தாழ்ந்து மயக்கம் நேரலாம். மருத்துவரைக் கலந்தே தொடங்க வேண்டும். பாத உணர்ச்சி குன்றியோர் வெறுங்காலுடன் நடத்தல் ஆகாது.

2021இல் தமிழகத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. மாத்திரையோடு நடையின் அளவும் எழுதித் தரப்பட்டு, மாதந்தோறும் எடையும் இடுப்பளவும் குறிக்கப்படுமாயின் அறிவுரை சிகிச்சையாகும். மாணவர்கள் தம் இல்லத்துப் பெரியோரை மாலையில் அரைமணி நேரம் உடன் அழைத்து நடந்து, அதனை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவார்களாயின், அந்நற்பணி இன்றே தொடங்கிவிடும்.