கல்மரத்துக்கு வலிக்குமா?

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஒரு மரம் படுத்துக் கிடக்கிறது. நீளம் 18 மீட்டர். கோடாலியை ஓங்கினால் கோடாலிதான் மழுங்கும். அது கல்லாகிப்போன மரம்!

ஒரு காலத்தில் இந்தப் பகுதியெல்லாம் கடல். வெள்ளம் அடித்து வந்த மரம் கடலடியில் புதைந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் கல்லாயிற்று. 1940-ம் ஆண்டில் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் இதைக் கண்டறிந்தார்.

குடும்பத்தோடு வருகிறவர்கள் மரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கூட வந்த பிள்ளைகளையும் கொஞ்சம் கவனிக்கலாம்.

நாலு வயதுக் குழந்தை, "கல்மரத்துக்கு வலிக்குமா?" என்று கேட்கும். "யார் இதைக் கொண்டுவந்து போட்டது?" என்று கேட்கும். 8 வயதுப் பையன் அதெல்லாம் கேட்கமாட்டான். அடிமேல் அடி வைத்து நீளத்தை அளப்பான். 13 வயதுப் பெண்ணோ, "இங்கே கடல் இருந்தது உண்மையானால் நத்தையும் சங்கும்கூடக் கல்லாகியிருக்க வேண்டுமே?" என்பாள். அவள் சொல்வது சரி. அரியலூர் வட்டாரத்தில் அவை நிறையக் கிடைக்கின்றன. அங்கே இத்தனை சிமெண்டு ஆலைகள் வந்ததும் அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்லால்தான்.

தப்பான விடையில் ஒரு புதையல்

பிள்ளைகளின் அறிவு இப்படிப் படிப்படியாக மாறுவதை ஆராய்ந்தவர் ஸ்விட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே. 1896-ல் பிறந்தவர். வாலிப வயதில் பாரிஸ் நகரில் சிறுவர்களுக்கு அறிவுச் சோதனை நடத்தும் வேலை அவருக்குக் கிடைத்தது. சரியான விடைகளை எண்ணுவதுதான் வேலை. அவரோ தப்பான விடைகளில் மயங்கிவிட்டார்! ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரி தப்புச் செய்தார்கள்.

அவர் செய்த ஒரு சோதனையை நம் வீட்டிலேயே செய்யலாம். ஒரே அளவான இரண்டு தம்ளர்களில் சமமாக மோர் ஊற்றுங்கள். ஒன்றை மட்டும் ஒல்லியான உயரத் தம்ளருக்கு மாற்றுங்கள். 5 வயதுக் குழந்தை, உயரத் தம்ளரில்தான் அதிகம் என்று அடித்துச் சொல்லும். கண்ணெதிரே ஊற்றியும் கேட்காது. 7, 8 வயதில் அதே குழந்தை, "இதென்ன கேள்வி? இரண்டும் ஒன்றுதானே!" என்று சிரிக்கும். இடையில் யாரும் பாடம் நடத்தவில்லை.

இது தெரியாமல் எத்தனை வீடுகளில் குட்டு விழுகிறது! "மண்டையில் களிமண்" என்று வேறு திட்டுகிறார்கள். களிமண்ணைப் பற்றி ஒரு சேதி உண்டு. மெக்சிகோ நாட்டில் குயவர் வீட்டுப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். களிமண் உருண்டையை நீட்டினாலும் தட்டினாலும் மண்ணின் அளவு மாறாது என்பது மற்றப் பிள்ளைகளைவிட அவர்களுக்கு முன்னதாகவே தெரிந்திருந்தது. 1969-ல் வெளிவந்த ஆராய்ச்சி இது. ஆகவே வயது மட்டும் கணக்கல்ல. கை பழகியதும் கணக்கு. பியாஜே சொன்ன வயதுகள் பஞ்சாங்கம் அல்ல என்று பின்னால் வந்தவர்களும் காட்டியிருக்கிறார்கள்.

வெங்காயக் கணக்கு

பெரம்பலூர் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன ஊர். விடுமுறை நாளில் அம்மாவுக்குத் துணையாகக் கடையில் உட்காரும் பையனிடம் முக்கால் கிலோ கேளுங்கள். கிலோ 40 ரூபாய். நீங்கள் 100 ரூபாய் நோட்டை நீட்டி முடிப்பதற்குள் 70 ரூபாய் மீதி வந்துவிடும். அதே கணக்கைப் பின்னமாகக் கரும்பலகையில் எழுதினால் விழிப்பான்.

இது வெறும் ஊகம் அல்ல. கல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளை ஆராய்ந்து, 2025-ல் 'நேச்சர்' என்ற விஞ்ஞான இதழில் எழுதியிருக்கிறார்கள். நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அந்தக் குழுவில் இருந்தவர்கள். சந்தைப் பிள்ளைகள் வியாபாரக் கணக்கில் சூரர்கள். ஏட்டுக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிக்கூடம் மட்டுமே அறிந்த பிள்ளைகளோ ஏட்டில் கெட்டி. கடைக் கணக்கில் திணறினார்கள்.

வெங்காயக் கடைப் பையனின் மதிப்பெண் அட்டையில், "கணக்கில் கவனம் போதாது" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். அதில் கையெழுத்துப் போடும் தகப்பனார்தான், சந்தை கலைந்ததும் அன்றைய வரவைக் கூட்டிச் சொல்லும்படி அவனைக் கேட்பவர்.