தன் காலில் நிற்கும் தருமம்

தருமம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை அன்னதானம், கல்வி நிதி, மருத்துவ உதவி ஆகியவையே. இவை பெரும்பாலும் நன்கொடையை நம்பி நடப்பவை. நன்கொடை குறைந்தால் பணியும் குறைகிறது. வள்ளுவப் பெருமான் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் கொடையாளியின் செல்வத்திற்கு ஊருணியை உவமையாக்கினார். ஊருணி வற்றாதிருக்க வேண்டுமானால் அதற்கு நீர் வரும் வழியும் வேண்டுமல்லவா? அவ்வழியை வணிக முறையாலும் தொழில்நுட்பத்தாலும் அமைத்துக்கொள்வதையே இன்று ‘சமூகத் தொழில்முனைவு’ என்கின்றனர். வளரும் நாடுகளில் இதற்குத் தலைசிறந்த சான்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையாகும்.

இதனை நிறுவியவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி (1918–2006). இளமையிலேயே முடக்குவாதத்தால் இவருடைய விரல்கள் வளைந்து போயின. அந்த விரல்களைக் கொண்டே கண் அறுவைச் சிகிச்சை செய்யப் பழகினார். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976-இல், உடன்பிறந்தோர் துணையுடன் 11 படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார். வசதியுள்ளவர் கட்டணம் செலுத்துவர். அந்த வருவாயில் ஏழைகளுக்கு இலவச சிகிச்சை நடக்கும். வருமானச் சான்றிதழ் எதுவும் கேட்பதில்லை. கட்டணப் பிரிவா, இலவசப் பிரிவா என்பதை நோயாளியே தேர்ந்துகொள்கிறார். அறை வசதியில் வேறுபாடு உண்டு, மருத்துவத்தில் இல்லை.

இக்கணக்கு எப்படிச் சரிவருகிறது? மாக் மண்டின் தொழிற்பேட்டையிலும், 1972-இல் அமைந்த பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரத்திலும் உழைத்த நம்மவர்க்கு விடை எளிதில் புரியும். வேலையைப் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவரைப் பழக்கினால் உற்பத்தி பெருகும், செலவு குறையும். அரவிந்தில் ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். கிராமத்துப் பெண்கள் ஈராண்டு பயிற்சி பெற்று, பரிசோதனை முதலான பணிகளைச் செய்கின்றனர். மருத்துவரின் நேரம் அறுவைக்கே செலவாகிறது.

ஆயினும் ஒரு தடை இருந்தது. கண்புரையை அகற்றியபின் அக்காலத்தில் ஏழைகளுக்குத் தடித்த மூக்குக்கண்ணாடியே கிடைத்தது. அது உடைந்தால் பழையபடி இருள்தான். கண்ணுக்குள்ளேயே பொருத்தும் லென்ஸ் வந்தபோது அதன் இறக்குமதி விலை நூறு அமெரிக்க டாலருக்கும் மேல் இருந்தது. நன்கொடைக்குக் காத்திராமல், 1992-இல் ‘அரோலேப்’ என்னும் சொந்தத் தொழிற்சாலையை மதுரையிலேயே நிறுவினர். விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கி, பின்னர் மேலும் குறைந்தது. இன்று அந்த லென்ஸ்கள் நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன. அரவிந்த் மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை, லேசர் சிகிச்சைகள் நடக்கின்றன. அவற்றில் ஏறத்தாழப் பாதி இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ செய்யப்படுபவை.

இன்னொரு பாடமும் உண்டு. இலவச முகாமில் கண்புரை கண்டறியப்பட்ட பலர் அறுவைக்கு வரவில்லை. காரணத்தை விசாரித்தபோது, பேருந்துச் செலவும் உணவுச் செலவும் தடையாயிருந்தது தெரிந்தது. அதன்பின் அழைத்து வருவதும் உணவு தருவதும் சிகிச்சையோடு சேர்ந்தன. ‘இலவசம்’ என்று அறிவித்துவிட்டால் மட்டும் உதவி போய்ச் சேர்ந்துவிடாது.

அன்பர்களே, நம் ஆலயங்களும் சங்கங்களும் செய்யும் தொண்டு சிறிதன்று. அவை ஒவ்வோர் ஆண்டும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம். இப்பணிக்கு நிலையான வருவாய் உண்டா? ஒருவருக்கு உதவ ஆகும் செலவைக் குறைக்க வழியுண்டா? உதவி தேடி வராதவர் ஏன் வரவில்லை? கணக்குப் பார்ப்பது தருமத்திற்குக் குறைவாகாது. நாளை வருபவருக்கும் உதவி மிச்சமிருக்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் கணக்கு.