நிலாவிலிருந்து இறங்கி வந்த ஆங்கிலச் சொற்கள்



இன்னிக்கு என்ன கிழமைன்னு கேட்டா டக்குனு சொல்லிடுவோம். ஆனால் திங்கட்கிழமைக்கு ஏன் அந்தப் பெயர் என்று யோசித்ததுண்டா? திங்கள் என்றால் நிலா. நிலாவுக்கு உரிய நாள் திங்கட்கிழமை. ஆங்கிலத்தில் மண்டே. அதுவும் 'மூன் டே'தான், பேசிப் பேசித் தேய்ந்து மண்டே ஆகிவிட்டது. இந்திக்காரர்கள் சோம்வார் என்கிறார்கள், சோமன் என்றாலும் சந்திரன்தான். பிரெஞ்சில் லன்டி. அது லத்தீன் மொழியில் நிலவைக் குறிக்கும் 'லூனா'விலிருந்து வந்தது. எங்கேயோ இருக்கிற ஜப்பானில்கூட அந்த நாளின் பெயரில் நிலா இருக்கிறது. நாம எல்லாரும் அலுத்துக்கிட்டே பள்ளிக்கூடம் வருகிற நாளுக்கு உலகம் முழுக்க எவ்வளவு அழகான பேர் பாருங்க!

இதையெல்லாம் நான் ஏன் தேடினேன் என்றால் ஒரு காரணம் இருக்கிறது. போன மாதம் மதிய உணவு இடைவேளையில் ஒரு ஆங்கில வார்த்தையைக் கேட்டேன். அதன் பொருளைப் பார்க்கத்தான் நூலகத்தில் பெரிய அகராதியைப் பிரித்தேன். ஒன்றைத் தேடப் போனால் ஒரு கூட்டமே நின்றது. அந்த வார்த்தை எதுன்னு கொஞ்சம் பொறுத்துச் சொல்றேன்.

முதலில் 'மூன்' என்ற சொல்லையே பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் அது 'மோனா'. மாதத்தைக் குறிக்கும் 'மந்த்' என்ற சொல்லும் இதன் கூடப் பிறந்ததுதான். ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு 29 நாள், 12 மணி, 44 நிமிடம். காலண்டர் இல்லாத காலத்தில் வானத்தில் தொங்கிய காலண்டர் அதுதான். தமிழிலும் திங்கள் என்றால் நிலாவும் உண்டு, மாதமும் உண்டு. இன்னொரு வேடிக்கை, 'மாதம்' என்று நாம் எழுதுவது 'மாஸ' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. அந்த 'மாஸ'வும் ஆங்கில 'மந்த்'தும் தூரத்து உறவு. பேச்சில் 'மாசம்'னு சொன்னா திருத்துவாங்க இல்லையா? மூலச் சொல்லுக்குக் கிட்ட இருக்கிறது என்னவோ மாசம்தான்!

இந்தச் சொற்களுக்கெல்லாம் வேர் 'அளப்பது' என்ற பொருள் உடையது என்று மொழியியலார் கருதுகிறார்கள். மீட்டர், மெஷர் இரண்டும் அதே வேர். ஓட்டல் வாசலில் 'மீல்ஸ் ரெடி'ன்னு போர்டு மாட்டியிருக்கே, அந்த மீலும் அதே வேர்தான். பழைய ஆங்கிலத்தில் அதற்கு அளவு, குறித்த நேரம் என்று பொருள். குறித்த நேரத்தில் சாப்பிடுவதால் சாப்பாட்டுக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது.

லத்தீனில் மாதத்துக்கு 'மென்சிஸ்'. அதிலிருந்து வந்ததுதான் காலேஜ் படிக்கும் அக்கா அண்ணன்கள் சொல்லும் செமஸ்டர். நான் இதை 'செமி', அதாவது பாதி, என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பு. ஆறு மாதம் என்பதற்கான லத்தீன் சொல் அது. மாதவிடாய்க்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லும் அதே மென்சிஸ்தான். யாரும் சிரிக்க வேண்டாம், அறிவியல் புத்தகத்தில் இருப்பதுதான்.

பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புக்காரர்களுக்கு வேதியியல் ஆய்வகத்தில் ஒரு நிலா இருக்கிறது. பியூரெட்டில் தண்ணீர் ஊற்றினால் மேல்மட்டம் நேராக இருக்காது, பள்ளமாக வளைந்து நிற்கும். அதற்கு மெனிஸ்கஸ் என்று பெயர். கிரேக்கத்தில் 'குட்டி நிலா', அதாவது பிறை. கீழ் விளிம்பைப் பார்த்து அளவு குறி என்று சார் சொல்வாரே, அந்தப் பிறையின் அடிவயிற்றைத்தான் பார்க்கச் சொல்கிறார். பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஊற்றினால் ஊதா நிறத்தில் அடிவயிறு தெரியாது, அதனால் மேல் விளிம்பு. முழங்காலுக்குள் இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்புக்கும் மெனிஸ்கஸ் என்றே பெயர். கிரிக்கெட், கால்பந்து வீரர்களுக்குக் கிழிந்துவிட்டது என்று செய்தித்தாளில் வருமே, அதுதான்.

இதயத்தில் அரைச்சந்திர வால்வு இருப்பது நமக்குத் தெரியும். மணிக்கட்டில் உள்ள எட்டு எலும்புகளில் ஒன்றுக்கு லூனேட் என்று பெயர். இப்போ உங்க கட்டைவிரல் நகத்தைப் பாருங்க. அடியில் வெள்ளையாக ஒரு பாதி வட்டம் தெரியுதா? அதுக்குப் பேர் லூனுலா, லத்தீனில் குட்டி நிலா. ஆக, எல்லாரும் கையிலே நிலாவை வச்சுக்கிட்டுத்தான் திரியறோம்.

தனிம அட்டவணையிலும் நிலா உண்டு. 1798இல் ஒரு தனிமத்துக்கு பூமியின் பெயரால் டெலூரியம் என்று பெயர் வைத்தார் கிளாப்ராத். 1817இல் சுவீடன் நாட்டு பெர்சீலியஸ் அதைப் போலவே குணமுள்ள இன்னொரு தனிமத்தைக் கண்டார். பூமி போல ஒன்று என்றால் பக்கத்தில் நிலாதானே! கிரேக்க நிலாத் தெய்வம் செலீனியின் பெயரால் செலினியம் என்று வைத்துவிட்டார். 16ஆம் தொகுதியில் மேலே நிலா (அணு எண் 34), அதற்கு நேர் கீழே பூமி (52).

சரி, நான் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தைக்கு வருகிறேன். அது 'லூனாட்டிக்'.

அன்றைக்கு நாங்கள் வேப்ப மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கேட்டுக்கு வெளியே ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனார். என் தோழி ஒருத்தி, புதுசா கத்துக்கிட்ட வார்த்தை என்று, 'அங்க பாருடி லூனாட்டிக்' என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த ஆள் என் சித்தப்பா. அவளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

லூனாட்டிக் என்றால் 'நிலாவால் பீடிக்கப்பட்டவர்'. லூனாவிலிருந்து வந்த சொல். பௌர்ணமி வந்தால் சிலருக்குப் புத்தி மாறும் என்று ரோமானியர் காலத்திலிருந்தே நம்பிக்கை. இது வெறும் பாட்டி கதையாக நிற்கவில்லை, சட்டத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. பிறவியிலேயே புத்தி வளராதவர் ஒரு வகை, நன்றாக இருந்து பிறகு நோய்ப்பட்டவர் லூனாட்டிக் என்று இங்கிலாந்துச் சட்டம் பிரித்தது. அவருக்கு இடையிடையே தெளிவு வரும், அது பெரும்பாலும் நிலாவின் மாற்றத்தைப் பொறுத்தது என்று பிளாக்ஸ்டோன் என்ற பெரிய சட்ட அறிஞர் 1765இல் எழுதியிருக்கிறார்.

அங்கிருந்து கப்பலேறி நம்ம ஊருக்கும் வந்தது. சென்னை கீழ்ப்பாக்கத்தில் 1871இல் மனநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடத்துக்கு லூனாட்டிக் அசைலம் என்றுதான் பெயர். அசைலம் என்றால் அடைக்கலம், நல்ல சொல். முன்னால் நின்ற சொல் அதையும் கெடுத்துவிட்டது. 1912இல் வந்த சட்டத்தின் பெயரே இந்திய லூனஸி சட்டம். சுதந்திரம் வந்து நாற்பது வருஷம் கழித்து, 1987இல்தான் அதற்குப் பதிலாக மனநலச் சட்டம் இயற்றினார்கள். 2017இல் அதைவிட நல்ல சட்டமாக மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் 1930லேயே இந்தச் சொல்லைச் சட்டத்தில் கைவிட ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் மத்திய அரசுச் சட்டங்களிலிருந்து அதை நீக்க 2012 டிசம்பர் வரை ஆகியிருக்கிறது. நிலாவுக்கு ஆள் அனுப்பியவர்கள் அவர்கள்!

நம் பக்கமும் இந்த நம்பிக்கைக்குக் குறைவில்லை. 'அமாவாசை வந்தா அவருக்குக் கூடிடும்' என்று எங்கள் தெருவிலேயே சொல்வார்கள். ஜோதிடத்தில் சந்திரனை மனோகாரகன் என்கிறார்கள். தமிழில் 'மதி' என்றால் நிலாவும் உண்டு, அறிவும் உண்டு.

உண்மையிலேயே நிலாவுக்கும் மனநோய்க்கும் தொடர்பு உண்டா? ராட்டன், கெல்லி என்ற இருவர் அதுவரை நடந்த 37 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1985இல் எழுதினார்கள். பொருட்படுத்தத்தக்க தொடர்பு எதுவும் இல்லை என்பதுதான் முடிவு. 'கடலையே இழுக்குது நிலா, நம்ம உடம்புல முக்கால்வாசி தண்ணிதானே, அதை இழுக்காதா?' என்று சிலர் கேட்பார்கள். நானும் கேட்டவள்தான். இயற்பியல் ஆசிரியை விளக்கினார். பூமியின் ஒரு பக்கம் நிலாவுக்குக் கிட்டே, மறுபக்கம் சுமார் 12,700 கிலோமீட்டர் தள்ளி. இரண்டு பக்கத்துக்கும் இழுவிசை வேறுபடுவதால்தான் கடலில் ஓதம் உண்டாகிறது. நம் தலைக்கும் காலுக்கும் எவ்வளவு தூரம்? ஐந்தரை அடி. வீராணம் ஏரியிலேயே ஓதம் கண்ணுக்குத் தெரிவதில்லை, நம்ம மண்டைக்குள்ளே எங்கே தெரியப் போகுது என்றார்.

பின்னே அந்தக் காலத்தில் ஏன் அப்படி நம்பினார்கள்? மின்விளக்கு இல்லாத நாளில் பௌர்ணமி வெளிச்சத்தில் தூக்கம் குறைந்திருக்கும், தூக்கம் கெட்டால் சில மனநோய்கள் கூடும், அதனால் இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இது எனக்கு ஏற்கும்படி இருக்கிறது. சித்தப்பாவுக்கும் தூக்கம் கெட்டால்தான் பேச்சு அதிகமாகும். மாத்திரை ஒழுங்காகப் போட்டால் சைக்கிளுக்குப் பஞ்சர்கூட அவரே ஒட்டுவார். அன்று கேட்டைத் தாண்டிப் போனதே என் சைக்கிளுக்கு டியூப் வாங்கத்தான்.

லூனாட்டிக்கைச் செல்லமாக வைத்துக்கொண்டவர்களும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் பர்மிங்காம் நகரில் லூனார் சொசைட்டி என்று ஒரு சங்கம். நீராவி எந்திரத்தைச் சீர்படுத்திய ஜேம்ஸ் வாட், ஆக்ஸிஜன் புகழ் பிரீஸ்ட்லி, சார்லஸ் டார்வினின் தாத்தா எராஸ்மஸ் டார்வின் எல்லாரும் அதில் இருந்தார்கள். தெருவிளக்கு இல்லாத காலம், கூட்டம் முடிந்து வீடு திரும்ப வெளிச்சம் வேண்டும். அதனால் பௌர்ணமியை ஒட்டியே கூடினார்கள். தங்களைத் தாங்களே 'லூனாட்டிக்குகள்' என்று கேலியாகச் சொல்லிக்கொண்டார்கள். அவங்களே அவங்களைச் சொல்லிக்கலாம். நாம அடுத்தவங்களைச் சொல்றது வேற. (நாம் சொல்லும் 'லூசு'க்கும் லூனாவுக்கும் சம்பந்தம் இல்லை. அது ஆங்கில 'லூஸ்', கழன்ற திருகு. ஒலி மட்டும் கிட்டே வருகிறது, வலியும்தான்.)

இடம் குறைகிறது, மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். பிறைக்கு ஆங்கிலத்தில் கிரசென்ட். லத்தீனில் அதற்கு 'வளர்கிற' என்று பொருள். அதாவது அப்படியே நம்ம வளர்பிறை! ஹனிமூனைத் தமிழில் தேனிலவு ஆக்கினோம். ஒழுங்கான வேலை போக ராத்திரியில் இன்னொரு வேலை பார்த்தால் மூன்லைட்டிங்.

மூன்ஷைன் என்றால் நிலா வெளிச்சம் மட்டுமல்ல, திருட்டுச் சாராயமும்கூட. இருட்டில் நடக்கிற காரியம் அல்லவா? வெற்றுப் பேச்சு என்றும் பொருள் உண்டு. அணுவைப் பிளந்து ஆற்றல் எடுக்கலாம் என்பது வெறும் மூன்ஷைன் என்று 1933 செப்டம்பரில் பேசினார் ரூதர்போர்டு. நம் புத்தகத்தில் தங்கத் தகடு சோதனைக்காகப் படிக்கிறோமே, அவரேதான். அதைச் செய்தித்தாளில் படித்த லியோ சிலார்டு என்ற விஞ்ஞானிக்கு அது உறுத்தியது. லண்டன் தெருவில் நடந்துகொண்டே யோசித்தவருக்குத் தொடர்வினை என்ற எண்ணம் பிறந்தது. 1942 டிசம்பரில் சிகாகோவில் அது நடந்தே விட்டது. பெரியவங்க சொன்னாங்கன்னு அவர் அதோட விடலை பாருங்க!

கடைசியாக, புளூ மூன். அபூர்வமாக நடப்பதை 'நீல நிலாவுக்கு ஒருமுறை' என்பார்கள். 1883இல் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது தூசியால் நிலா நிஜமாகவே நீலமாகத் தெரிந்தது. இப்போது ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமிக்கு அந்தப் பெயர். இந்த அர்த்தம் பிறந்ததே ஒரு தப்பில். ஒரு பருவத்தில் நான்கு பௌர்ணமி வந்தால் அதில் மூன்றாவதுதான் புளூ மூன் என்பது அமெரிக்க விவசாயப் பஞ்சாங்கம் ஒன்றின் கணக்கு. அதைப் புரட்டிப் பார்த்து ஒருவர் 1946இல் ஸ்கை அண்ட் டெலஸ்கோப் பத்திரிகையில் தவறாக எழுதிவிட்டார். 1999இல்தான் அந்தப் பத்திரிகை தன் தப்பை ஒப்புக்கொண்டது. அதற்குள் உலகம் முழுக்கப் பரவியாச்சு. 2023 ஆகஸ்டில் அப்படி இரண்டு பௌர்ணமி வந்தன. சந்திரயான் 3 நிலவில் இறங்கியதும் அதே மாதம்தான், 23ஆம் தேதி.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன், அவரைப் பற்றிய பகுதி உட்பட. ஒட்டலாமா என்று கேட்டேன். "ஒட்டு பாப்பா, பேரு போடாதே" என்றார். பிறகு பத்து விரலையும் விரித்து வைத்துக்கொண்டு, "கட்டைவிரல்ல நிலா இருக்கு, சுண்டுவிரல்ல காணோமே?" என்று கேட்டார். அங்கேயும் இருக்கும், தோலுக்குள்ளே மறைஞ்சிருக்கும் என்றேன்.

உங்களுக்குத் தெரிந்த நிலாச் சொற்களைக் கீழே விட்டிருக்கும் இடத்தில் எழுதலாம். பென்சிலால் மட்டும் எழுதவும். பேனா மை மறுபக்கம் ஊறிவிடுகிறது.